மிச்சக் கோரை

பத்தமடையில் கல்யாணப் பாய்க்கு ஆர்டர் கொடுக்கப் போனால் முதலில் ஒரு தாளை நீட்டுவார்கள். மாப்பிள்ளை பெயர், பெண் பெயர், கல்யாணத் தேதி மூன்றையும் எழுதித் தர வேண்டும். எந்த எழுத்து எத்தனை பாவு நூலைப் பிடிக்கும் என்று நெய்கிறவர் விரல்விட்டு எண்ணிப் பார்ப்பார். கிருஷ்ணமூர்த்தி மாதிரி நீளமான பெயர் வந்துவிட்டால், சுருக்கலாமா, எழுத்தைச் சின்னதாக்கலாமா என்று கொஞ்ச நேரம் பேச்சு நடக்கும்.

திருநெல்வேலியிலிருந்து சேரன்மகாதேவி போகும் வழியில் இருக்கிற ஊர் இது. நெய்கிறவர்கள் பெரும்பாலும் இஸ்லாமியப் பெண்கள். 1953-இல் எலிசபெத் ராணியின் முடிசூட்டு விழாவுக்கு இங்கிருந்து பாய் போனதாக இன்றும் பெருமையோடு சொல்கிறார்கள். புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. நான் தெரிந்துகொள்ள வந்தது வேறு. ஊரார் பெயரையெல்லாம் நெய்கிறவருக்குத் தன் பெயர் போட்ட பாய் ஒன்று உண்டா?

கேட்ட வீடுகளில் பெரும்பாலும் சிரித்துவிட்டுப் பேச்சை மாற்றினார்கள். அறுபதை நெருங்கும் ஓர் அம்மா மட்டும், "எங்க வீட்டுல ஒண்ணு கெடக்கு. அவிய வரட்டும், எடுத்துக் காட்டச் சொல்லுதேன்" என்றார்.

அவர் கணவர் வரும்வரை தறியருகே உட்கார்ந்திருந்தேன். தரையோடு தரையாகக் கிடக்கிற தறி. மூங்கில்களுக்கு இடையே இழுத்துக் கட்டிய பருத்திப் பாவுக்கு மேலே, ஒரு பலகையில் குந்தி உட்கார்ந்து நெய்ய வேண்டும். அந்த அம்மா ஒரு குச்சியின் நுனியில் கோரையைச் செருகிப் பாவுக்குள் தள்ளுகிறார். அச்சை இழுத்து அடிக்கிறார். அடுத்த கோரை. நெய்ய நெய்யப் பலகையும் ஆளும் முன்னே நகர வேண்டும். சாதாரணப் பாய்க்குப் பாவு குறைவு. பட்டுப்பாய் என்று சொல்கிற நுணுக்க வேலைக்கு 100, 120, 140 என்று ஏறும். பாவு ஏற ஏறக் கோரையும் மெலிந்தாக வேண்டும். ஆற்றங்கரையில் அறுத்த கோரையைக் கீறிக் காய வைத்து, ஏறத்தாழ ஒரு வாரம் ஓடும் தண்ணீரில் ஊறப் போடுகிறார்கள். உப்பி வந்ததை மறுபடி காய வைத்து இழை இழையாகக் கிழிக்கிறார்கள். சப்பங்கிக் கட்டையைக் கொதிக்க வைத்துச் சிவப்பு ஏற்றிய காலம் ஒன்று இருந்தது. இப்போது கடைச் சாயந்தான் அதிகம்.

இத்தனைக்கும் கிடைக்கிற கூலியைக் கேட்டால் மனசு ஆறாது. ஒரு நுணுக்கப் பாய் முடிய ஒரு மாதத்துக்கு மேல்கூட ஆகும். அந்த ஒரு மாதத்தில் பீடி சுற்றினால் வாரா வாரம் காசு கைக்கு வரும். பக்கத்து வீடுகளில் பலர் முறத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. பிளாஸ்டிக் பாய் வந்த பிறகு சாதாரணப் பாய்க்கான சந்தையும் சுருங்கிப்போயிற்று.

கணவர் அரிசி ஆலையில் மூட்டை தூக்கியவர். முதுகு விட்டுப்போனதால் இப்போது கடைகளுக்குச் சில்லறை வேலை பார்க்கிறார். சாயங்காலம் வந்து முகம் கழுவிவிட்டு, நான் வந்த காரணத்தைக் கேட்டதும் ஒன்றும் சொல்லாமல் பரணில் ஏறினார். பழைய வேட்டியில் சுற்றிய பாயைக் கொண்டு வந்து விரித்தார்.

நான் பார்த்த கல்யாணப் பாய்களிலேயே வண்ணம் ஒழுங்கில்லாத பாய் அதுதான். ஒரு சாண் சிவப்பு, அப்புறம் வேறொரு சிவப்பு, பச்சை இரண்டு விரல் அகலம், கரையில் ஊதா போய்க்கொண்டே இருந்து திடீரென்று கறுப்பாகிறது. நடுவில் இரண்டு பெயர்கள். தேதி இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றும் இல்லை.

"நிறம் ஏன் இப்படி?" என்று கேட்டேன்.

"மிச்சக் கோரைம்மா. ஒவ்வொரு ஆர்டருக்கும் சாயம் முக்கும்போது நாலு இழை கூடத்தான் முக்கணும். பாதியில கொறஞ்சா மறுபடி அதே நெறம் வராது. பாய் முடிஞ்சப்புறம் ஒரு கைப்பிடி நிக்கும். அடுத்த பாய்க்கு அது சேராது. எல்லாத்தையும் கட்டி வச்சேன்" என்றார் அந்த அம்மா.

யார் யாரோ கல்யாணத்துக்கு நனைத்த சாயம் அவ்வளவும். கூலிக்கு நெய்கிற பாயை இறக்கிவிட்டு அடுத்த பாவு ஏற்றுவதற்கு முன் தறி சும்மா இருக்கும் நாட்களில், இரண்டு சாண், மூன்று சாண் என்று நெய்து சுருட்டி வைத்து, மறுபடி ஏற்றி முடித்திருக்கிறார். தேதி போடாததற்குக் காரணம் கேட்டதற்கு, "எந்தத் தேதியப் போட? நிக்காஹ் நாளையா, ஆரம்பிச்ச நாளையா, முடிச்ச நாளையா?" என்றார்.

கண்ணாடி இல்லாமல் இதை நெய்திருக்க முடியாது என்பதையும் அவரே சொன்னார். நாற்பதைத் தாண்டியதும் 120 பாவு கண்ணுக்குக் கலங்கியது. சாதாரணப் பாய்க்கு இறங்கிவிட்டார், கூலியும் இறங்கியது. வீட்டுக்காரரிடம் சொல்லவில்லை. அவர் எப்படியோ தெரிந்துகொண்டு, ஆலைக்குப் பஸ்ஸில் போகாமல் நடந்தே போய் வந்து காசு சேர்த்திருக்கிறார். கேட்டால் பஸ் வரவில்லை என்பார். "செருப்புத் தேஞ்ச தேய்ப்புலதான் எனக்குச் சந்தேகம் வந்துச்சு. அதுக்குள்ள கண்ணாடியோட வந்து நிக்காவ."

நிக்காஹில் மாப்பிள்ளை பெண்ணுக்குத் தர வேண்டிய மஹராகக் கணவர் அன்று கொடுத்தது 501 ரூபாய். அந்தக் காலத்திலும் அது சின்னத் தொகைதான். அதைப் பற்றி மனைவி பேசியதே இல்லையாம். ஆனால் அவர் மனதில் அது கிடந்திருக்கிறது. கண்ணாடியைக் கொடுக்கும்போது, "மஹர்ல பாக்கின்னு வச்சுக்க" என்றாராம். இதைச் சொல்லும்போது அந்த அம்மா தறியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

பணம் இல்லாத வீட்டில் ஒருவருக்கொருவர் என்ன கொடுத்துக்கொள்ள முடியும் என்று யாராவது கேட்டால் இந்த இரண்டு பேரைத்தான் இனிச் சொல்வேன். அவர் கால் வலியைக் கொடுத்தார். அந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கூலி வராத நாட்களை இவர் பாயாக்கிக் கொடுத்தார். இருவரும் மற்றவரைக் கேட்டுச் செய்யவில்லை. கேட்டிருந்தால் இருவருமே வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

பாயில் ஒரு தேய்மானமும் இல்லாததைக் கவனித்து, படுப்பதில்லையா என்று கேட்டேன். அந்த அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"நீயே கேளும்மா. முதுகுவலிக்காரவகளுக்குச் சூடு தெரியாமக் கெடக்கட்டும்னுதான் நெஞ்சேன். பரண்ல போட்டு வச்சுக்கிட்டு, நெதமும் பிளாஸ்டிக் பாய்ல படுக்காவ."

"படுத்தா எழுத்து தேஞ்சிரும்" என்றார் அவர்.

"தேயட்டும். கண்ணாடி இருக்குல்ல, வேற நெய்யுதேன்."

அவர் பதில் பேசாமல் பாயை வேட்டியில் சுற்ற ஆரம்பித்தார். அந்த அம்மா வேட்டியை அவர் கையிலிருந்து உருவி, கொடியில் போட்டுவிட்டார். பாயைச் சுவரோரம் விரித்து, மேலே ஒரு தலையணையும் வைத்தார். பிறகு என்னிடம் திரும்பி, மதுரையிலிருந்து வந்திருந்த கல்யாண ஆர்டர் தாளைக் காட்டி, பெண்ணின் பெயரில் இருப்பது 'ன'வா 'ண'வா என்று பார்த்துச் சொல்லச் சொன்னார்.