"சும்மா ஜலதோஷம்" பறித்த உலகக் கோப்பை

"ஒமிக்ரான் எல்லாம் சும்மா ஜலதோஷம்தானே டாக்டர், எதுக்கு அவ்ளோ அலம்பல் பண்ணீங்க?" போன வாரம் ஓ.பி.யில் ஒரு அப்பா கேட்டார். பக்கத்தில் கால்பந்து ஜெர்சியோடு அவர் மகள். முழங்கால் வலி. (கேட்டுக்கிட்டுதான் எழுதறேன்.) எனக்கு 2022 ஜனவரி 23 ஞாபகம் வந்துடுச்சு. இழை கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க.

பெண்கள் ஆசியக் கோப்பை அப்போ நம்ம நாட்டுல, மும்பை, நவி மும்பை, புனேயில் நடந்தது. 2023 உலகக் கோப்பைக்குத் தகுதிச் சுற்றும் அதுதான். கால் இறுதியில் ஜெயிச்சா நேரா உலகக் கோப்பை. தோத்தாலும் இன்னொரு வாய்ப்பு உண்டு. நம்ம பெண்கள் அணி அதுவரை உலகக் கோப்பை ஆடினதே இல்லை.

ஜனவரி 20, ஈரானோடு 0-0. அடுத்து 23ஆம் தேதி சீன தைபே. அதுக்குள்ள அணியில் 12 பேருக்கு பாசிட்டிவ். காயம்பட்டவங்களையும் கழிச்சா, ஆட வேண்டிய குறைந்தபட்சம் 13 பேர் தேறல. மேட்ச் மட்டும் போகல, போட்டியிலிருந்தே அணி விலகினதா கணக்கு. ஈரானோடு ஆடினதும் செல்லாதுன்னு ஆயிடுச்சு. சொந்த மண்ணில் ஆடின ஒரே மேட்ச்!

"பபுள்ல தானே இருந்தாங்க?"ன்னு நீங்க கேப்பீங்க. பபுள்னா கண்ணாடிக் குடுவை இல்லைங்க. சமைக்கறவங்க, ரூம் சுத்தம் பண்றவங்க, பஸ் ஓட்டறவங்கன்னு எத்தனையோ பேர் அதுக்குள்ள வரணும். ஒமிக்ரான் தொத்தி மூணு நாள் வாக்கில் வெளியே தெரியும். இன்னைக்கு நெகட்டிவ் வந்தவர் நாளைக்கு பாசிட்டிவ். தடுப்பூசி உயிரைக் காக்கும், தொத்தறதை முழுசா நிறுத்தாது. சரி, லேசான காய்ச்சல்தானே, ஆடட்டுமேன்னா, வைரஸ் உடம்பில் இருக்கும்போது 90 நிமிஷம் ஓடினா இதயத் தசையில் அழற்சி வரலாம். அரிதுதான். ஆனா வந்தா மைதானத்திலேயே விழலாம். அந்த இடத்தில் நான் இருந்திருந்தாலும் ஆட விட்டிருக்க மாட்டேன்.

என் கோபம் வேற. அதே ஜனவரியில் கோவாவில் ஐஎஸ்எல் அணிகளுக்குள் கொரோனா பரவியது. மேட்ச்களைத் தள்ளி வச்சு அப்புறம் ஆடினாங்க. கொல்கத்தாவில் ஐ-லீக்கை நிறுத்தி மார்ச்சில் தொடர்ந்தாங்க. மாசக்கணக்கில் நடக்கற லீக்குக்கு அந்த வசதி உண்டு, ஒத்துக்கறேன். ஆனா பெண்கள் லீக்? 2020 பிப்ரவரியில் ஃபைனல் முடிஞ்சது. அடுத்த சீசன் 2022 ஏப்ரலில். ரெண்டு வருஷம் லீக்கே கிடையாது. ஆட்டக்காரியோட உச்ச வயசு எத்தனை வருஷம்னு நினைக்கறீங்க?

அந்த அணியில் கடலூர் இந்துமதி கதிரேசன் இருந்தாங்க. தமிழ்நாடு போலீஸ்ல எஸ்.ஐ. 2020 ஊரடங்கில் சென்னையில் காக்கிச் சட்டையோட ரோட்டுல நின்னு டியூட்டி பார்த்தவங்க.

பேரைச் சொன்னதும் அந்தப் பொண்ணு நிமிர்ந்து உட்கார்ந்தாள். அப்பாவுக்கு யாருன்னு தெரியல, அவள்தான் விளக்கினாள். முழங்காலுக்கு ரெண்டு வாரம் ரெஸ்ட் எழுதினேன்.

"ரெண்டு வாரமா டாக்டர்?" முகம் சுருங்கிடுச்சு.