சேம அச்சு

புக்கிட் பாஞ்சாங் என்றால் மலாயில் நீண்ட குன்று. பெயரில் இருக்கும் மேடும் பள்ளமும் ஊரிலும் இருக்கிறது. எல்ஆர்டியில் உட்கார்ந்து பெண்டிங், பங்கிட், ஃபஜார் என்று கடந்து போகிறவர்களுக்கு அது அவ்வளவாகத் தெரியாது. நடந்து போகிறவர்களுக்குத் தெரியும். பாரம் இழுத்துப் போகிறவர்களுக்கு இன்னும் நன்றாகத் தெரியும்.

நான் எழுத வந்தது எங்கள் பேட்டையில் ஓடும் ஓர் இழுவண்டியைப் பற்றி. வீவக வீடுகளில் வளர்ந்த பலரும் இதைப் பார்த்திருப்போம். மூன்று சக்கரம், ஓர் ஆளுக்கு இருக்கை, அடியில் பேட்டரி. பின்னால் கொக்கியில் மாட்டிய பச்சைத் தொட்டிகள், இரண்டோ மூன்றோ, ரயில் பெட்டி மாதிரி வரிசையாக வரும். காலையில் புளோக் புளோக்காக நின்று, குப்பைக் குழாயின் அடியில் சேர்ந்திருப்பதை வாரிக்கொண்டு, பேட்டையின் ஓரத்தில் இருக்கும் குப்பை மையத்துக்குப் போகும். பெரிய லாரி அங்கேதான் வரும்.

எங்கள் புளோக் பழையது. சமையலறைக்குள்ளேயே குழாயின் வாய் இருக்கிறது. 1989-லிருந்து கட்டிய புளோக்குகளில் மாடிக்கு ஒரு பொதுக் குழாய் என்று வீவக மாற்றிவிட்டது. சில புதிய பேட்டைகளில் காற்றே குப்பையை உறிஞ்சிக்கொண்டு போகிறது. எங்களுக்கு மூடியைத் திறந்து போட்டால் போதும், கீழே 'தொம்' என்று ஒரு சத்தம். அதற்குமேல் அந்தப் பையைப் பற்றி யோசிக்க வேண்டியதில்லை.

சென்ற ஆண்டு எங்கள் புளோக்கின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு மனு வந்தது. மூன்றாம் மாடிப் பாட்டி ஒருவர் தூண் ஓரமாக நின்றிருக்கிறார். வண்டி அவரைத் தாண்டிப் போய்விட்டது. கடைசித் தொட்டி மட்டும் அவர் முழங்கையில் உரசிவிட்டது. சிராய்ப்புதான். ஆனால் பாட்டி ஒரு வாரம் கீழே இறங்கவில்லை. 2019 நவம்பர் 5 முதல் நடைபாதையில் மின்-ஸ்கூட்டர் ஓட்டத் தடை. மீறினால் 2,000 வெள்ளி வரை அபராதம், மூன்று மாதம் வரை சிறை. "அதுக்கு ஒரு நியாயம், இதுக்கு ஒரு நியாயமா? இந்த வண்டியையும் எடுக்கச் சொல்லுங்க" என்பதுதான் மனு. பாட்டியின் மகள் எழுதியது. கோபத்தில் நியாயம் இருந்தது.

கையெழுத்துப் போடுமுன் ஓட்டுபவரிடம் ஒரு வார்த்தை கேட்கலாம் என்று கீழே இறங்கினேன். அறந்தாங்கிப் பக்கத்துக்காரர், நாற்பது வயதிருக்கும். பாட்டியைப் பற்றிக் கேட்டதும் முகம் வாடிவிட்டது.

"முன்வண்டி போற தடத்துலயே பின்வண்டி வராது தம்பி. திரும்புறப்ப உள்ளாற வெட்டும். ரெண்டாவது தொட்டி கொஞ்சம் வெட்டும், மூணாவது இன்னும் வெட்டும். நான் அகலமா எடுத்துத்தான் திரும்புவேன். அங்க ரெண்டு பக்கமும் தூணு."

"இறக்கத்துல எப்படிண்ணே சமாளிக்கிறீங்க?"

"ஏத்தத்துல நாம அத இழுக்குறோம். இறக்கத்துல அது நம்மளத் தள்ளும். தொட்டிக்குப் பிரேக் கிடையாதுல்ல? நான் படக்குனு பிடிச்சா, பின்னாடி இருக்கிறது வந்து முட்டி வண்டிய அப்படியே மடக்கிப் போட்டுரும். அதான் அந்தச் சரிவுல மட்டும் கழட்டி ஒண்ணொண்ணா கொண்டு போறேன்."

"ரெண்டு மடங்கு நேரமாகுமே?"

"ஆகத்தான் செய்யும்," என்று சிரித்தார்.

இலேசான மின்வண்டியை வைத்துப் பாரம் இழுப்பதன் சிக்கல் முழுக்க அவர் சொன்னதில் இருக்கிறது. மின்மோட்டாருக்கு நின்ற இடத்திலிருந்தே முழு இழுவிசை உண்டு. அதனால் கிளம்புவதில் பிரச்சினை இல்லை. ஆனால் அந்த விசை வேலை செய்ய டயர் தரையைப் பிடிக்க வேண்டும். பிடிப்பு, ஓட்டுசக்கரத்தின் மேல் அழுந்தும் எடையைப் பொறுத்தது. மழை பெய்து ஓடு பதித்த தரை ஈரமானால் மோட்டார் எவ்வளவு முறுக்கினாலும் சக்கரம் வெறுமனே சுற்றும். ஈயபேட்டரியின் கனம் இங்கே ஒரு வரம். நிற்பதற்கும் அதே கணக்கு. முன்வண்டி இலேசாக, பின்பாரம் பிரேக் இல்லாமல் கனமாக இருந்தால், மோட்டாருக்கு இழுக்கத் தெம்பிருந்தும் வண்டியை நிறுத்த முடியாது.

அவர் அப்பா மாட்டுவண்டி ஓட்டியவர். மூட்டையை முன்னால் ஏற்றினால் மாட்டின் கழுத்து அழுந்தும், பின்னால் ஏற்றினால் நுகத்தடி மேலே தூக்கும் என்பதெல்லாம் சின்ன வயதிலேயே அவருக்குப் பாடம். இரண்டு சக்கர வண்டியில் பாரத்தில் கொஞ்சம் முன்னால் இழுப்பவரின் மேல் இறங்கும். நான்கு சக்கரத் தொட்டியில் அது இல்லை. எல்லாக் கனமும் தொட்டியின் சக்கரங்கள் மேலேயே நிற்கிறது, இழுவண்டிக்குப் பிடிப்பு கூடுவதில்லை. "இங்க பாரத்த நகத்தி வச்சுச் சரிபண்ண முடியாது தம்பி. அதுவும் மேலேருந்து விழுறது. அடியில என்ன கெடக்கு, எவ்ளோ கனம், இழுத்தாத்தான் தெரியும்." டுரியான் பருவத்தில் தோல், சீனப் புத்தாண்டுக்கு முந்தைய வாரம் வீடு ஒழிக்கும் சாமான், ஒருமுறை உடைத்தெடுத்த குளியலறை ஓடுகள்.

பேசிக்கொண்டே இருக்கைக்கு அடியிலிருந்து ஒரு பொருளை எடுத்துக் காட்டினார். கொக்கியில் செருகும் இரும்பு முளை. ஒன்று வண்டியில் இருக்கிறது. இது உபரி, ராஃபியா கயிற்றால் கட்டி வைத்திருக்கிறார். யாரும் கொடுக்கவில்லை, தானே தேடிப் பிடித்தது.

எனக்குப் புறநானூற்றின் 102-ஆம் பாட்டு நினைவுக்கு வந்தது. உப்பு விற்கும் உமணர்கள் வண்டிக்கு அடியில் ஓர் உபரி அச்சைக் கட்டிக்கொண்டு போனார்கள். அதன் பெயர் சேம அச்சு. ஔவையார் அதியமானின் மகன் பொகுட்டெழினியை அதோடு ஒப்பிடுகிறார். வகுப்பில் அதை உவமையாக மட்டும் படித்தோம். உமணர்களாவது தங்கள் உப்பைத் தாங்களே ஏற்றினார்கள். எவ்வளவு ஏற்றினோம் என்று அவர்களுக்குத் தெரியும். இவர் இழுப்பது நூறு வீடுகள் சேர்ந்து, ஒருவரை ஒருவர் கேட்காமல் ஏற்றிய பாரம்.

இந்த ஊரில் இது புதிதில்லை. சைனாடவுனின் மலாய்ப் பெயர் கிரேத்தா ஆயர், தண்ணீர் வண்டி. சீனப் பெயர் அதில் மாட்டையும் சேர்த்துக்கொள்கிறது. லிட்டில் இந்தியாவில் பஃபலோ ரோடு இருக்கிறது. மாட்டுக்கும் வண்டிக்கும் தெருப்பெயர் கிடைத்தது, ஓட்டியவருக்குக் கிடைக்கவில்லை. இன்றைய கணக்கும் அப்படித்தான். துப்புரவுத் துறையில் படிப்படியாக உயரும் சம்பள முறை 2014-இல் நிறுவன உரிமத்தோடு இணைக்கப்பட்டது. குடிமக்களும் நிரந்தரவாசிகளும் அதன்கீழ் வருவார்கள். வேலை அனுமதிச் சீட்டில் வந்தவர் வரமாட்டார்.

"வண்டிய எடுத்துட்டா என்னண்ணே ஆகும்?"

"குப்பை நிக்காதுல்ல? கையால இழுப்போம்."

நான் அந்த மனுவில் கையெழுத்துப் போடவில்லை. பாட்டியின் மகளோடு உட்கார்ந்து வேறொன்று எழுதினோம். ஒரு நேரத்தில் இரண்டு தொட்டிக்கு மேல் மாட்ட வேண்டாம்; பிரேக் உள்ள தொட்டி கொடுங்கள்; அந்தத் தூண் மூலையில் குவிகண்ணாடி வையுங்கள்; கூடுதல் நடைக்கான நேரத்தை வேலைநேரத்தில் சேருங்கள். ஐந்தாவதாக எங்களுக்கே ஒன்று: கல், ஓடு, மரச்சாமானைக் குழாயில் போடமாட்டோம். குழுவில் பலர் முதல் நான்கையும் ஏற்றுக்கொண்டு ஐந்தாவதில் மௌனமானார்கள். பதினேழு வீடுகள் கையெழுத்திட்டன.

கண்ணாடி வந்துவிட்டது. தொட்டிகள் இப்போது இரண்டுதான். பிரேக்கும் நேரமும் பரிசீலனையில் இருக்கின்றன. பாட்டி மறுபடி கீழே வருகிறார், கண்ணாடியைப் பார்த்துவிட்டுத்தான் தூணைத் தாண்டுகிறார். அண்ணனிடம் ஐந்தாவது கோரிக்கையைச் சொன்னபோது கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஓடு கூடப் பரவால்ல தம்பி, எப்பவாச்சும்தான். ஈரக் குப்பையத் தண்ணி வடிச்சுக் கட்டிப் போடச் சொல்லுங்க, அதான் தெனம் கனம்" என்றார்.

அதை ஆறாவதாகச் சேர்த்து, தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி மின்தூக்கிக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறோம். சீனத்திலும் மலாயிலும் பாட்டியின் மகள் எழுதித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.