ஒரு தடவை கட்டின புதுப்புடவை

ஆரணியில் ஒரு பட்டுப்புடவை எப்போது பழசாகிறது என்பதில் யாருக்கும் குழப்பம் கிடையாது. தறியிலிருந்து அறுத்து இறக்கிய புடவை புதுசு. ஆறு மாதம் பெட்டியில் மடித்துக் கிடந்தாலும் புதுசுதான். கடையில் பத்துப் பேர் விரித்துப் பார்த்து, தோளில் போட்டுக் கண்ணாடி முன்னால் நின்று, வேண்டாமென்று கழற்றி வைத்துவிட்டுப் போனாலும் புதுசுதான். ஆனால் முந்தியில் குஞ்சம் கட்டிவிட்டால், கரைக்கு அடியில் ஃபால்ஸ் வைத்துத் தைத்துவிட்டால், ரவிக்கைத் துண்டை வெட்டிவிட்டால், அதற்குப் பிறகு அது அந்த வீட்டுப் புடவை. கடைக்காரர் திரும்ப வாங்கமாட்டார். அப்படிக் கேட்டுக்கொண்டு போகிறவர்களும் இல்லை. கல்யாணத்துக்கு எடுத்த கோடிப் புடவைக்கு மூலையில் மஞ்சள் தடவுவதோடு எல்லாம் முடிந்தது. மஞ்சள் பட்ட புடவையை இன்னொருத்திக்குப் புதுசென்று கொடுக்கிற துணிச்சல் எங்கள் ஊரில் யாருக்கும் வராது என்றுதான் நான் வளர்ந்தேன்.

கமண்டல நாகநதிக் கரை ஊர். சேவூர், ஒண்ணுபுரம், தேவிகாபுரம் என்று சுற்றுவட்டாரமெல்லாம் தறி. எங்கள் வீட்டிலும் குழித்தறி இருந்தது. அப்பா நெய்வார், அம்மா தார் சுற்றுவார். இப்போது நான் இருப்பது ஜெர்மனியில், டோர்ட்முண்ட் பக்கம். புதுசுக்கும் பழசுக்கும் நடுவில் கோடு எங்கே என்று நீதிமன்றம் வரை போய் வாதாடுகிற நாடு.

படிக்க வந்த காலத்தில் எனக்கு வேலை கிடைத்தது ஒரு கிடங்கில். வெளிநாட்டு மாணவர்கள் அப்போது ஆண்டுக்கு 120 முழு நாள் வேலை செய்யலாம். 2024 மார்ச்சிலிருந்து அதை 140 ஆக்கியிருக்கிறார்கள். கிடங்கின் பெயர் வேண்டாம். இணையத்தில் துணி விற்கிற கடைக்காக, வாடிக்கையாளர்கள் திருப்பி அனுப்புகிற பொட்டலங்களைப் பிரித்துச் சோதிக்கிற இடம் அது. ஆளுக்கொரு மேஜை, ஒரு ஸ்கேனர், நீராவி இஸ்திரி, பஞ்சு எடுக்கிற பிசின் உருளை. பொட்டலத்தைப் பிரி, துணியை உதறு, கறை பார், அக்குளை முகர்ந்து பார், சட்டைப்பையில் கைவிட்டுப் பார், விலைச்சீட்டு இருக்கிறதா பார். எல்லாம் சரியென்றால் நீராவி பிடித்து, பழைய மடிப்பிலேயே மடித்து, புதுப் பையில் போட்டு ஒட்டி, அலமாரிக்கு அனுப்பிவிட வேண்டும். அங்கிருந்து அது மறுபடியும் புதுசாகக் கிளம்பும். அக்குளை முகர்ந்து பார்ப்பதற்கு ஒரு தேசத்தில் சம்பளம் தருகிறார்கள் என்று ஊரில் சொன்னபோது அம்மா நம்பவில்லை.

வார முதலில் விருந்து உடைகள் நிறைய வரும். சனிக்கிழமை ஆடிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை மடித்து, திங்கட்கிழமை தபாலில் போட்டது என்பது பார்த்தாலே தெரியும். விலைச்சீட்டை ஊக்கு வைத்து மறுபடி மாட்டியிருப்பார்கள். உடைக்குள் சினிமா டிக்கெட் இருக்கும், உதட்டுச்சாயம் துடைத்த காகிதம் இருக்கும். கறை தெரிந்தால் ‘பி-வாரே’ என்று தனிப் பெட்டி. இரண்டாம் தரம், விலை குறைத்து விற்பார்கள். லேசான வாசனை மட்டும் இருந்தால்? காற்றாட மாட்டி வைத்துவிட்டு மறுநாள் பார் என்பார் மேற்பார்வையாளர். மறுநாள் பெரும்பாலும் வாசனை இருக்காது. அதை யாரோ புதுசென்று முழு விலை கொடுத்து வாங்கியிருப்பார்கள். மணிக்கு இத்தனை துணி என்று கணக்கு இருந்ததால் யோசிக்க நேரமும் இல்லை.

இதற்கெல்லாம் அடியில் ஒரு நல்ல சட்டம் இருக்கிறது. தொலைவிலிருந்து வாங்கிய பொருளை 14 நாளைக்குள் காரணம் சொல்லாமல் திருப்பி அனுப்பலாம். ஐரோப்பிய ஒன்றியம் 2011இல் போட்ட நுகர்வோர் உரிமை நெறிமுறை அது. 2014 ஜூனிலிருந்து உறுப்பு நாடுகளெங்கும் நடப்பில் இருக்கிறது. கண்ணால் பார்க்காமல், கையால் தொடாமல் வாங்குகிறவருக்கு அந்தப் பாதுகாப்பு வேண்டியதுதான். கடையில் தொட்டுப் பார்க்கிற அளவுக்கு வீட்டிலும் பார்க்கலாம், அதைத் தாண்டிப் பயன்படுத்தி மதிப்பைக் குறைத்தால் அந்தக் குறைவுக்கு வாங்கியவரே பொறுப்பு என்றும் அதே நெறிமுறை சொல்கிறது.

தொட்டுப் பார்ப்பது எது, பயன்படுத்துவது எது என்பதில்தான் வழக்கு. ஜெர்மனியில் ஒருவர் இணையத்தில் மெத்தை வாங்கினார். பாதுகாப்பு உறையைப் பிரித்துவிட்டு, பிறகு வேண்டாமென்றார். உறை பிரித்த மெத்தையைச் சுகாதார காரணத்தால் திரும்ப எடுக்க முடியாது என்றது கடை. வழக்கு லக்ஸம்பர்க்கில் உள்ள ஐரோப்பிய நீதிமன்றம் வரை போனது. 2019 மார்ச் 27ஆம் தேதி தீர்ப்பு: திருப்பித் தரலாம். மெத்தையும் போட்டுப் பார்க்கிற உடுப்பு போலத்தான். சுத்தம் செய்து மறுபடி விற்கலாம். ஓட்டல் மெத்தையில் இரவுக்கு ஒருவர் படுக்கவில்லையா என்று தீர்ப்பிலேயே கேட்டிருக்கிறார்கள். ஓட்டல்காரர் ஒன்றும் மெத்தையைப் புதுசென்று விற்பதில்லையே என்று எனக்குப் பட்டது. சுத்தம் செய்து விற்கலாம் என்று நீதிமன்றம் சொன்னதை, சொல்லாமல் விற்கலாம் என்று கடைகள் எடுத்துக்கொண்டால் யார் கேட்பது?

அளவைப் பாருங்கள். பாம்பெர்க் பல்கலைக்கழகத்தின் ஆய்வுக் குழு போட்ட கணக்கின்படி, ஜெர்மனியில் 2018ஆம் ஆண்டில் மட்டும் திரும்பி வந்த பொட்டலங்கள் சுமார் 28 கோடி; பொருள்கள் சுமார் 49 கோடி. அவற்றில் கிட்டத்தட்ட 4 சதவீதத்தைக் குப்பைக்கு அனுப்பினார்கள். மீதியில் பெரும்பங்கு மறுபடி விற்பனைக்குத்தான் போகிறது. எரிப்பதைவிட விற்பது நல்லது, அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. விற்காத துணியையும் செருப்பையும் பெரிய நிறுவனங்கள் அழிக்கக் கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் சட்டமே போட்டுவிட்டது. அழிக்கவும் வழியில்லாமல், குறைத்து விற்கவும் மனமில்லாமல் நிற்கிற கடைக்கு, புதுப் பையில் போட்டு ஒட்டிவிடுவதுதான் சுலபமான வழி.

இது துணிக் கடையோடு நிற்கிற சமாச்சாரம் இல்லை. அமெரிக்காவில் பேக்கர்ட் பெல் என்ற கணினி நிறுவனம், திரும்பி வந்த கணினிகளின் உறுப்புகளைக் கழற்றிப் புதுக் கணினிக்குள் பொருத்தி, அதைச் சொல்லாமல் விற்கிறது என்று 1995இல் போட்டி நிறுவனமான காம்பேக் வழக்குப் போட்டது. தொழிலில் எல்லோரும் செய்வதுதானே என்பது பேக்கர்ட் பெல் பக்கத்து வாதம். பிற்பாடு பல மாநில அரசுகளோடு சமரசம் செய்துகொள்ள வேண்டி வந்தது.

சரி, பெரிய நிறுவனங்களை விடுவோம். நம் ஆட்கள் கதைக்கு வருகிறேன்.

டோர்ட்முண்டுக்குப் பக்கத்தில் ஹாம் நகரத்தில் காமாட்சி அம்பாள் கோயில் இருக்கிறது. ஈழத்திலிருந்து வந்தவர்கள் எழுப்பியது, 2002இல் குடமுழுக்கு. தேர்த் திருவிழாவுக்கு ஐரோப்பா முழுவதிலுமிருந்து ஆயிரக்கணக்கில் கூடுவார்கள். அந்தக் கூட்டத்தில் நடந்தால் காஞ்சிபுரத்தையும் ஆரணியையும் ஒரே மூச்சில் பார்த்துவிடலாம். இந்தப் புடவைகளில் பாதி, கடையில் வாங்கியவை அல்ல. வீட்டு வரவேற்பறையிலிருந்து, வாட்ஸப் குழுவிலிருந்து, முகநூல் நேரலையிலிருந்து வாங்கியவை. ஊரிலிருந்து வரவழைத்து, சுங்கம் கட்டி விற்கிற பெண்கள் நிறையப் பேர். அவர்கள் படுகிற பாடு எனக்குத் தெரியும். 2021 ஜூலையிலிருந்து இந்தியாவிலிருந்து வருகிற சின்னப் பொட்டலத்துக்கும் இறக்குமதி வரி உண்டு. 150 யூரோவைத் தாண்டினால் சுங்கமும் சேரும். வேண்டாமென்று திரும்பி வந்த புடவையைக் கடல் தாண்டி ஆரணிக்கே அனுப்பினால் செலவில் இன்னொரு புடவை வாங்கிவிடலாம். ஆகவே திரும்பி வந்த புடவை இங்கேயே இன்னொருத்தி தலையில் விழ வேண்டும்.

யாழ்ப்பாணத்துத் தோழி ஒருத்தி மகளின் சாமத்திய வீட்டுக்கு, அதாவது மஞ்சள் நீராட்டுக்கு, வாங்கிய பட்டைக் காட்டக் கூப்பிட்டாள். அரக்குக் கரை போட்ட மாம்பழ நிறம். கையில் வாங்கியதுமே எனக்கு முகம் மாறியிருக்க வேண்டும். தறி வீட்டில் பிறந்தவளிடம் புடவை பொய் சொல்லாது. தோள் வருகிற இடத்தில் ஊக்கு குத்திய இரண்டு ஓட்டை. கொசுவம் வைத்த இடத்தில் இழை நெகிழ்ந்து கிடந்தது. இடுப்புப் பக்கம் வேர்வை காய்ந்த வெளிர்க்கோடு. அந்த இடத்து ஜரிகை மட்டும் கறுக்கத் தொடங்கியிருந்தது. சொல்லுவதா வேண்டாமா என்று தயங்கினேன். அவளே கேட்டாள், “என்ன அக்கா, ஆரோ கட்டினதோ?”

விற்றவரைக் கூப்பிட்டாள். முதலில் மறுப்பு. பிறகு, “ஒரு கலியாணத்துக்கு ஒருக்காத்தான் கட்டினவை. நான் ஸ்டீம் பண்ணித்தானே தந்தனான். புதுசு மாதிரித்தான்” என்ற பதில். முதலில் வாங்கியவர் கட்டிக்கொண்டு போய்ப் படமெல்லாம் எடுத்துவிட்டு, நிறம் பிடிக்கவில்லை என்று திருப்பிக் கொடுத்திருக்கிறார். வாடிக்கையாளரை இழக்க விற்றவருக்கு மனமில்லை. அந்த நஷ்டம் முழு விலை போட்டு என் தோழி வீட்டுக்கு வந்துவிட்டது. பாதி விலைக்குத் தந்து, ஒருவர் ஒரு தடவை கட்டினது என்று சொல்லியிருந்தால் அவள் சந்தோஷமாக வாங்கியிருப்பாள். அவளே அப்படித்தான் சொன்னாள்.

இதில் விற்றவர்மேல்தான் எல்லோருக்கும் கோபம். எனக்கு முதல் கோபம் அந்த முதல் வாடிக்கையாளர்மேல். கட்டிக் களைந்துவிட்டுத் திருப்பி அனுப்புகிறவருக்கு, அது அடுத்து எங்கே போகும் என்று தெரியாதா? மதிப்பிழப்புக்குப் பணம் பிடித்துக்கொள்ளும் உரிமை ஐரோப்பியச் சட்டத்தில் கடைக்கு இருந்தும், நான் வேலை பார்த்த கிடங்கில் அதைப் பயன்படுத்தி ஒருவரிடமும் பிடித்ததை நான் பார்க்கவில்லை. போட்டிக்கடைக்குப் போய்விடுவார் என்ற பயம். வாயில்லாத அடுத்த ஆளிடம் வசூலித்துக்கொள்கிறார்கள்.

அப்பா கூலிக்கு நெய்தவர். பாவும் பட்டும் ஜரிகையும் முதலாளி தருவார். ஒரு பாவில் மூன்று நான்கு புடவை. நெய்து கொண்டுபோனால் வெளிச்சத்தில் பிடித்து, முழம் முழமாக ஓட்டிப் பார்ப்பார்கள். ஊடை ஓர் இடத்தில் ஓடாமல் போயிருந்தால், ஜரிகை தூக்கியிருந்தால், எண்ணெய்ச் சொட்டு ஒன்று விழுந்திருந்தால் பழுது. கூலியில் பிடித்தம். நெய்தவன் வைத்த பழுதுக்கு அங்கேயே, அப்போதே பிடித்தம் உண்டு. கட்டினவள் வைத்த வேர்வைக்கு இந்த உலகத்தில் எங்கேயும் பிடித்தம் இல்லை.

இப்போது ஆரணியிலும் இது வந்துவிட்டது. சித்தப்பா மகன் இணையச் சந்தையில் புடவை போடுகிறான். போனில் புலம்பினான்: “கல்யாண மாசம் முடிஞ்சதும் ரிட்டன் வந்துக்கினே இருக்குதுக்கா. ஃபால்ஸ பிரிச்ச ஊசித் தடம் தெரியுது. ஒருத்தங்க வேற புடவையவே வச்சி அனுப்பிட்டாங்க. கேட்டா, கம்பெனிக்காரன் கஸ்டமர் பக்கந்தான் பேசறான்.” அப்படி வந்ததை என்ன செய்கிறாய் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. தெரிந்தவர்களுக்குக் குறைத்துக் கொடுத்துவிடுவதாகச் சொன்னான். நம்பினேன், நம்பத்தான் வேண்டும்.

ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது; எந்த ஊரில் நெய்தது என்பதற்கு அது சாட்சி. பட்டு அசலா என்று சொல்ல மத்திய பட்டு வாரியம் 2004இல் கொண்டுவந்த சில்க் மார்க் இருக்கிறது. ஒருத்தி கட்டிக் கழற்றியதா என்று சொல்லத்தான் எந்தச் சீட்டும் இல்லை. பழையதை விற்பதில் கேவலம் ஒன்றும் கிடையாது என்பதற்கும் எங்கள் ஊர்ப் பக்கமே ஆதாரம் உண்டு: பழைய பட்டுப்புடவை வாங்குகிறவர்கள் தெருத்தெருவாக வருவார்கள். ஜரிகையை உரசிப் பார்த்து, வெள்ளி எவ்வளவு தேறும் என்று கணக்குப் போட்டு விலை சொல்வார்கள். பேரம் நடக்கும், சண்டைகூட நடக்கும். ஆனால் அந்த வியாபாரத்தில் பழசு பழசாகவே கைமாறும்.

இந்தியாவில் இருக்கிற வாசகர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பழைய பொருளை, பழுது பார்த்துப் புதுப்பித்த பொருளைப் புதுசென்று விற்பது 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 2(47)ஆம் பிரிவின்படி முறையற்ற வணிகம். 1986ஆம் ஆண்டுச் சட்டத்திலும் அது இருந்தது. குறையுள்ள பொருளைத் திரும்ப எடுத்துப் பணம் தர மறுப்பதும் அதே பிரிவில்தான் வருகிறது; ரசீதில் கெடு எதுவும் போடவில்லை என்றால் 30 நாள். ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது’ என்று பில்லில் அச்சடித்திருந்தாலும் குறையுள்ள பொருள் விஷயத்தில் அது செல்லாது.

ஆகவே பட்டுப்புடவை கைக்கு வந்ததும் பகல் வெளிச்சத்தில் முழுதாகப் பிரித்துப் பாருங்கள். தோளில் ஊக்கு ஓட்டை, கரையில் ஊசித் தடம், இடுப்பு வருகிற இடத்தில் ஜரிகையின் நிறம், இந்த மூன்றும் போதும். பிரிக்கும்போதே படம் எடுத்து வையுங்கள், ரசீதைத் தொலைக்காதீர்கள். சந்தேகம் இருந்தால் குஞ்சம் கட்டக் கொடுக்காதீர்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போட இரண்டு ஆண்டு அவகாசம் இருக்கிறது. ஐந்து லட்சம் ரூபாய் வரை விலையுள்ள பொருளுக்குக் கட்டணம் கிடையாது.