யாரு யாரை இழுக்கிறது?

எங்கள் வீட்டு சிப்பிப்பாறைக் குட்டிக்கு நாலு மாசம். தடுப்பூசியெல்லாம் முடிந்து முதல் முறையாகத் தெருவுக்குக் கிளம்பினோம். நான் கிழக்கே இழுத்தால் அது மேற்கே. முயல் வேட்டைக்கென்றே வளர்த்த ஜாதியாச்சே!

டீக்கடைக்காரர் கேட்டார்: "சார், யாரு யாரை வாக்கிங் கூட்டிட்டுப் போறீங்க?"

மானம் போன கோபத்தில் கயிற்றை ஒரு சுண்டு சுண்டினேன். 'வீல்' என்று கத்திய குட்டி, அதன்பிறகு மூன்று நாள் கயிற்றைப் பார்த்தாலே கட்டிலுக்கு அடியில்!

கால்நடை டாக்டர் சொன்னார்: "நீங்க இழுத்தா அது எதிர்ப்பக்கம்தான் இழுக்கும். கழுத்துல வேணாம், மார்போட மாட்டுற பெல்ட் போடுங்க. கயிறு விறைச்சா நின்னுடுங்க, தளர்ந்தா நடங்க. பக்கத்துல வந்தா ஒரு துண்டு வேக வெச்ச கோழிக்கறி. ஒரு தடவைக்கு அஞ்சு நிமிஷம் போதும்."

நின்றேன், நடந்தேன், நின்றேன். வாசலிலிருந்து டீக்கடை போய்ச்சேர பத்து நாள்! பதினோராம் நாள் கயிறு தொய்ய, என் காலோடு ஒட்டி வந்தது.

மறுநாள் காலை. ஸ்கூல் வேனுக்கு நேரமாச்சு என்று மகனைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு ஓடினேன். பின்னாலிருந்து மனைவி: "ஏங்க, கொஞ்சம் நின்னுதான் பாருங்களேன்!"

நின்றேன். அவன் ஷூ லேஸ் அவிழ்ந்து கிடந்தது.