மெக்சிகோவில் காரோட்டி – 3: இரவுத் தங்கல்

மெக்சிகோ நெடுஞ்சாலைகளில் பொழுது சாய்வதற்குள் ஊர் போய்ச் சேர்ந்துவிட வேண்டும் என்பது வெளிநாட்டுக்காரர்களை மிரட்டச் சொல்லும் பேச்சு இல்லை. சொந்த வண்டியில் போகும் உள்ளூர்க் குடும்பங்களும் முடிந்தவரை அப்படித்தான் போகின்றன. வழிப்பறி பயம் ஒரு காரணம். வேலியில்லாத சாலையில் படுத்துக் கிடக்கும் மாடு, பின்விளக்கு எரியாத லாரி, பெயின்ட் உதிர்ந்துபோன வேகத்தடை ஆகியவை அதைவிட அன்றாடமான காரணங்கள். ஆகவே தங்கும் ஊர்களைக் குறிக்க உட்காரும்போது முதலில் பார்க்க வேண்டியது சூரியன் மறையும் நேரத்தை.

நாட்டின் நடுப்பகுதியில் டிசம்பரில் மாலை 6 மணிக்கே சூரியன் மறைந்துவிடும், ஜூனில் 7.15 ஆகும். கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவைக்கும் வழக்கத்தை மெக்சிகோ 2022 அக்டோபரோடு விட்டுவிட்டது. அமெரிக்க எல்லையை ஒட்டிய நகராட்சிகள் பலவற்றில் மட்டும் அது தொடர்கிறது. பழைய வழிகாட்டிப் புத்தகத்தை நம்பிக் கணக்குப் போட்டால் கோடை மாலையில் ஒரு மணி நேரம் உதைக்கும். காலை 8 மணிக்குக் கிளம்பி மாலை 4 மணிக்கு அறைக்குள் போய்விடுவது நல்ல அளவு. சாப்பாடு, பெட்ரோல், கழிப்பறை, பிள்ளைகளின் வாந்தி எல்லாம் கழித்தால் அந்த எட்டு மணி நேரத்தில் வண்டி ஓடுவது ஐந்தரை மணி நேரம்தான்.

அந்த ஐந்தரை மணி நேரத்தில் எவ்வளவு தூரம் போகலாம் என்பது சாலையைப் பொறுத்தது. ‘குவோத்தா’ என்னும் சுங்கச் சாலையில் 450 கி.மீ. போகலாம். அதற்குக் கட்டணம் கணிசம். பல சாவடிகளில் கார்டு எடுபடாது, பெசோ நோட்டு கையில் இருக்க வேண்டும். ‘லிப்ரே’ என்னும் இலவசச் சாலையில் 250 கி.மீ. தாண்டினால் பெரிது. காரணம் ‘தோப்பே’. ஊருக்குள் நுழையும் இடம், பள்ளிக்கூடம், கோயில், ஊர் முடியும் இடம் என்று வரிசையாக வேகத்தடைகள் வரும். சிலவற்றுக்கு முன்னால் பலகை இருக்கும், சிலவற்றை வண்டியின் அடிவயிறுதான் கண்டுபிடிக்கும். வண்டி எப்படியும் அங்கே நின்றாக வேண்டும் என்பதால் அதை ஒட்டியே வியாபாரமும் நடக்கிறது. தோல் சீவிய மாங்காயைப் பூப்போலக் கீறி, குச்சியில் செருகி, எலுமிச்சை பிழிந்து, மிளகாய்த் தூள் தூவி ஜன்னலுக்குள் நீட்டுவார்கள். பின்சீட்டுக்கு அதுதான் லிப்ரேயின் ஒரே நியாயம்.

அடுத்தது விடுதி. இங்கே ஒரு சொல் ஏமாற்றும். அமெரிக்காவில் மோட்டல் என்றால் நெடுஞ்சாலையோரக் குடும்ப விடுதி. மெக்சிகோவில் ‘மோத்தெல்’, ‘ஆட்டோ ஓட்டெல்’ என்று பலகை போட்ட பெரும்பாலான இடங்கள் ஜோடிகளுக்கு மணிக்கணக்கில் வாடகைக்கு விடப்படுபவை. உயரமான சுற்றுச்சுவர், அறைக்கு ஒரு கார் கொட்டகை, கொட்டகைக்குத் திரைச்சீலை இவை அடையாளம். கார் நம்பர் வெளியே தெரியக் கூடாது என்பதற்குத்தான் திரை. பிள்ளைகுட்டியோடு போய் நின்றால் வரவேற்பில் இருப்பவர்தான் முதலில் சங்கடப்படுவார். மத்தேவாலா போன்ற வழித்தங்கல் ஊர்களில் அறை வாசலிலேயே காரை நிறுத்தும் பழைய பாணிக் குடும்ப மோட்டல்களும் உண்டு. மற்றபடி ‘ஓட்டெல்’, ‘போசாதா’ என்ற பெயர்களைத் தேடுவது பாதுகாப்பு. அறை கேட்கும்போது ‘தோஸ் காமாஸ் மத்ரிமோனியாலேஸ்’, அதாவது இரண்டு இரட்டைக் கட்டில் என்று கேட்டால் நால்வர் குடும்பம் ஒரே அறையில் அடங்கும். சொல்லும் வாடகையில் 16 சதவீத மதிப்புக் கூட்டு வரியும் மாநிலத் தங்கல் வரியும் அடக்கமா என்று அப்போதே கேட்டுவிட வேண்டும்.

கட்டிலுக்குச் சமமான கேள்வி, வண்டி எங்கே தூங்கும் என்பது. பழைய நகர மையங்களில் இருக்கும் விடுதிகள் குதிரை வண்டிக் காலத்து வீடுகள். பலவற்றில் பார்க்கிங் கிடையாது. பக்கத்துத் தெருவில் ‘பென்சியோன்’ என்ற இரவு நிறுத்துமிடம் இருக்கும். அங்கே சாவியைக் கொடுத்துவிட வேண்டும். கெரேத்தாரோவில் எங்கள் வண்டிக்கு முன்னால் மூன்று கார்கள் ஒட்டி ஒட்டி நின்றன. காவல்காரர் ஒரு மரப்பலகை ஆணியில் சாவிகளை மாட்டிவைத்து, எதை முதலில் நகர்த்த வேண்டும் என்பதை மனதிலேயே வைத்திருந்தார். அவர் காலை 7 மணிக்குத்தான் வருவார் என்பதை முந்தின இரவு கேட்காமல் விட்டது எங்கள் தவறு. எத்தனை மணிக்குக் கதவு திறக்கும் என்ற கேள்வியை வாடகை விசாரிக்கும்போதே கேட்டுவிடலாம்.

இனி வழி. டெக்சாஸிலிருந்து யுகத்தான் வரை போகும் குடும்பத்துக்கு முதல் இரவு எல்லையின் அமெரிக்கப் பக்கமே, லரேதோவில். எல்லைப் பாலத்தை விடியற்காலையில் கடப்பதற்காகத்தான். பயணி அனுமதிச் சீட்டு, மெக்சிகோவில் செல்லும் காப்பீடு, பன்ஹெர்சித்தோ வங்கியில் வண்டிக்கான தற்காலிக இறக்குமதி அனுமதி என்று வேலை நீளும். வண்டியின் வயதைப் பொறுத்து 200 முதல் 400 டாலர் வரை முன்பணம் கட்ட வேண்டும். அதையெல்லாம் முடித்துவிட்டு மான்டெர்ரேயின் நெரிசலில் மாட்டாமல் சால்தீயோ போய்ச் சேர்ந்தால் சுமார் 300 கி.மீ.; முதல் நாளுக்கு அது போதும். ஊர் 1,600 மீட்டர் உயரம், இரவில் போர்வை தேவைப்படும்.

சால்தீயோவிலிருந்து சான் லூயிஸ் பொத்தோசி 450 கி.மீ. ஒரே நாளில் முடியும்தான். ஆனால் நடுவில் மத்தேவாலாவில் நிறுத்துவதே மேல், ரியால் தெ கத்தோர்சே அங்கிருந்துதான் என்பதால். வெள்ளி எடுத்துச் செழித்து, சுரங்கம் ஓய்ந்ததும் காலியாகிப்போன மலையூர் அது. உயரம் 2,700 மீட்டருக்கு மேல். உருளைக்கல் பாவிய சாலையில் வண்டி முப்பது கி.மீ. வேகத்தில் உடம்பெல்லாம் நடுங்கிக்கொண்டு ஏறும். கடைசியில் 1901இல் திறந்த ஓகார்ரியோ குகைவழி. இரண்டு கி.மீ.க்கும் அதிக நீளம், ஒரு வண்டி மட்டும் போகும் அகலம். இரு முனையிலும் ஆட்கள் நின்று தகவல் சொல்லிக்கொண்டு ஒரு பக்கத்தை நிறுத்தி மறுபக்கத்தை விடுவார்கள். பெரிய பேருந்து நுழையாது, பயணிகள் இறங்கிச் சிறிய வண்டிக்கு மாற வேண்டும். மேலேயே இரவு தங்கினால் பகல் கூட்டம் இறங்கிய பிறகு ஊர் கைக்கு வரும். ஆனால் குளிர் கடுமை. கைக்குழந்தையோடு போகிறவர்கள் மத்தேவாலாவில் தங்கிப் பகலில் ஏறி இறங்குவது நல்லது.

அடுத்த நிறுத்தம் கெரேத்தாரோ. இங்கே இரண்டு இரவு வைக்கலாம். 1738இல் முடிந்த 74 வளைவு நீர்ப்பாலம் ஊருக்கு நடுவே நிற்கிறது. துணி துவைக்கவும் ஒரு நாள் கிடைக்கும். மூன்று நான்கு நாள் ஓட்டத்துக்கு ஒரு நாள் வண்டி நிற்கவில்லை என்றால் பின்சீட்டில் போர் மூளும்.

மெக்சிகோ நகரை வழித்தங்கலாக வைப்பது வீண் வம்பு. 1989 முதல் அங்கே நடப்பில் உள்ள ‘ஓய் நோ சிர்குலா’ திட்டப்படி, நம்பரின் கடைசி இலக்கத்தைப் பொறுத்து வாரத்தில் ஒரு நாள் காலை 5 முதல் இரவு 10 வரை வண்டியை எடுக்கக் கூடாது. வெளிநாட்டு நம்பருக்கு மற்ற வேலைநாள் காலைகளிலும் தடை உண்டு. நகரைப் பார்க்க வேண்டுமென்றால் காரைக் கெரேத்தாரோவிலோ புவெப்லாவிலோ விட்டுவிட்டுப் பேருந்தில் போய்வரலாம். கடந்து போவதற்கு ‘ஆர்கோ நோர்த்தே’ சுங்கச் சாலை இருக்கிறது. அது தலைநகரை வடக்கே சுற்றிக்கொண்டு புவெப்லாவுக்குச் சற்று முன்னால் கொண்டுபோய் விடும். பெட்ரோலைக் கெரேத்தாரோவிலேயே நிரப்பிக்கொள்வது நிம்மதி.

புவெப்லாவுக்குக் கிழக்கே நிலம் சட்டென்று இறங்குகிறது. மல்த்ராத்தா மலைச்சரிவில் பிற்பகல் மூடுபனி சாதாரணம். லாரிகளின் பிரேக் நாற்றம் மூடிய கண்ணாடியையும் தாண்டி வரும். அதைக் காலையில் கடக்கும்படி வைத்துக்கொண்டு, 150 கி.மீ. மட்டுமே போய் ஒரிசாபாவில் தங்கிவிடலாம். மறுநாள் வியாஎர்மோசா வரை நீளமான, புழுக்கமான ஓட்டம். இங்கிருந்து அறையில் ஏசி கட்டாயம். அதற்கடுத்த 145 கி.மீ.யில் பலெங்கே, இரண்டு இரவு. சான் கிறிஸ்தோபல் வழியாக மலைச்சாலையில் பலெங்கே போகலாமே என்று வரைபடம் ஆசை காட்டும். சான் கிறிஸ்தோபலிலிருந்து சுமார் 220 கி.மீ.தான், ஆனால் தோப்பேக்களும் கிராமத்தார் கயிறு கட்டிப் பணம் கேட்கும் மறியல்களும் அந்த நாளையே தின்றுவிடும். பலெங்கேயிலிருந்து காம்பெச்சே 360 கி.மீ., அங்கிருந்து மெரிதா 180 கி.மீ.; இரண்டும் சமவெளி, சொல்ல ஒன்றுமில்லை.

எந்தெந்த இரவுகளுக்கு முன்பதிவு தேவை என்பது நாட்காட்டியைப் பொறுத்தது. சாதாரண வாரநாளில் நேரே போய் அறை கேட்டாலே கிடைக்கும். ஈஸ்டருக்கு முந்தைய புனித வாரத்தில் கடற்கரை ஊர் எதிலும் கிடைக்காது. 2006 முதல் மூன்று தேசிய விடுமுறைகள் திங்கட்கிழமைக்கு மாற்றப்பட்டதால் பிப்ரவரி முதல் திங்கள், மார்ச் மூன்றாம் திங்கள், நவம்பர் மூன்றாம் திங்கள் ஆகியவற்றை ஒட்டி நீண்ட வார இறுதிகள் வரும். டிசம்பர் 12 குவாதலூபே அன்னை திருநாள். அதற்கு முந்தைய நாட்களில் தீப்பந்தம் ஏந்தி ஓடுபவர்களும் சைக்கிள் கூட்டங்களும் நெடுஞ்சாலையிலேயே போவார்கள். அந்த வாரம் தினசரி தூரத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

திரும்பும் வழியின் கடைசி இரவும் சால்தீயோதான். வண்டி அனுமதி அதிகபட்சம் 180 நாள். அது முடிவதற்குள் எல்லையில் காரைக் காட்டி ரத்து செய்தால்தான் முன்பணம் திரும்பும். அலுவலகம் பாலத்துக்குச் சற்றுத் தள்ளி இருக்கிறது, வரிசையும் நீளும். சால்தீயோவில் காலை 7 மணிக்குக் கிளம்பினால் மதியத்துக்குள் அந்த வேலையும் முடிந்துவிடும்.