பழைய விமானம் பார்த்த படலம்

பழைய சாமான் வாங்குவது எங்கள் குடும்பத்துக்குப் புதிதல்ல. தையல் மெஷின், தேக்கு பீரோ, சுருதி சேராத ஆர்மோனியம் எல்லாம் வாங்கியிருக்கிறோம். ஏரோப்ளேனில் கை வைத்த முதல் ஆசாமி என் தங்கை மகன்தான்.

அவன் அமெரிக்காவில், கான்ஸாஸ் மாகாணத்தின் மேற்குக் கோடியில் டாக்டர். பெண் படிக்கும் காலேஜ் 300 மைல் தள்ளி. காரில் போனால் ஐந்து மணி நேரம். விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டு, வெளியே ஒன்றும் தெரியாதபோது கருவிகளை மட்டும் பார்த்து மேகத்துக்குள் ஓட்டும் தகுதியையும் பரீட்சை எழுதி வாங்கிவிட்டான். பாக்கி விமானம்தான்.

"மாமா, நீங்களும் கூடப் போங்க. அழகா இருக்குன்னு எதையாவது வாங்கிட்டு வந்துடுவார்" என்றாள் அவன் மனைவி. விமானத்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் ஜன்னலோர ஸீட்டு நல்லது என்பது வரைதான். இருந்தாலும் போனேன்.

விசிட்டா என்ற ஊருக்குப் போனோம். செஸ்னா, பீச்கிராஃப்ட் கம்பெனிகள் வளர்ந்த ஊர். சந்தைக்கு வந்திருந்தவை முக்கால்வாசி நாற்பது, ஐம்பது வயதுக் கிழங்கள். காரணம் கேட்டேன். விபத்து வழக்குகளின் நஷ்ட ஈடு தாங்காமல் செஸ்னா கம்பெனி 1986-ல் சின்ன விமானம் செய்வதையே நிறுத்திவிட்டதாம். பதினெட்டு வருஷத்துக்கு மேற்பட்ட விமானத்துக்காகக் கம்பெனியைக் கோர்ட்டுக்கு இழுக்க முடியாது என்று 1994-ல் சட்டம் வந்த பிறகுதான் மறுபடி பட்டறையைத் திறந்தார்கள். புதியது வாங்குவதென்றால் டாக்டரும் கடன்காரராக வேண்டியதுதான்.

நம் பக்கத்து மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்ப்பார்கள், சுழி பார்ப்பார்கள். இங்கே பார்க்க வேண்டியது நோட்டுப் புத்தகம். விமானம் பிறந்த நாளிலிருந்து எத்தனை மணி பறந்தது, எந்தத் திருகை யார் மாற்றினார்கள், எல்லாம் கையெழுத்தோடு இருக்க வேண்டும். விற்பவருக்கு வேண்டியவராக இல்லாத ஒரு மெக்கானிக்கை நம் செலவில் அமர்த்திக்கொள்வது முறை. எங்களுக்கு வாய்த்தவர் ஒரு கிழவர். முதல் ஒரு மணி நேரம் அவர் விமானத்தின் பக்கமே திரும்பவில்லை. நோட்டைப் படித்துக்கொண்டிருந்தார்.

முதலில் பார்த்தது மூனி 201. மணிக்கு 201 மைல் போகும் என்று பெயரிலேயே தண்டோரா. 2000 மணி ஓடலாம் என்று கம்பெனி சொல்லும் எஞ்சின், பிரித்துப் பூட்டியபின் 400 மணிதான் ஓடியிருந்தது. "பார்த்தீங்களா, புதுசு மாதிரி!" என்றான் மருமான். கிழவர் பக்கத்தைப் புரட்டிக் காட்டினார். ஆறு வருஷமாக அது கொட்டகையை விட்டு வெளியே வந்ததே அபூர்வம். இந்த லைகமிங் எஞ்சினில் வால்வுகளைத் தூக்கும் தண்டு மேலே இருக்கிறது. ஓடாமல் கிடந்தால் எண்ணெய் வடிந்துவிடும். தண்டில் துரு ஏறும். உழுத மாட்டைவிடக் கட்டிக் கிடந்த மாடு மோசம் என்று எனக்கு நானே மொழிபெயர்த்துக்கொண்டேன்.

அடுத்தது பீச்கிராஃப்ட் பொனான்ஸா. வால் 'வி' எழுத்துப் போல் இரண்டாகப் பிரிந்திருக்கும். வாஸ்தவமாகவே அழகு. மருமான் சுற்றிச் சுற்றி வந்தான். இந்த விமானத்துக்கு 'டாக்டர் கொல்லி' என்று அங்கே ஒரு பட்டப்பெயர் உண்டு. வாங்கப் பணம் இருக்கும். பழகப் போது இருக்காது. அதனால் வந்த பெயர். வழுவழுவென்ற உடம்பு, மூக்கு சற்றுத் தாழ்ந்தால் வேகம் மளமளவென்று ஏறிவிடும். 1959 பிப்ரவரியில் பாடகர் பட்டி ஹாலி இறந்தது ஒரு பொனான்ஸாவில்தான். அதை ஓட்டிய இளைஞருக்குக் கருவி பார்த்து ஓட்டும் தகுதி இல்லை.

விமானத்தின் பேரில் குற்றமில்லை. குற்றம் காதுக்குள் இருக்கிறது. மெதுவாகத் திரும்பும் விமானத்தை, 'நேராகத்தான் போகிறது' என்று உட்காது சத்தியம் செய்யும். 1954-ல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில், அந்தப் பயிற்சி இல்லாத இருபது பேரை ஒரு பொனான்ஸாவில் ஏற்றி, மேகத்துக்குள் போனது போல் வெளிப்பார்வையை மறைத்துப் பார்த்தார்கள். இருபது பேரும் கட்டுப்பாட்டை இழந்தார்கள். சராசரி 178 விநாடி. ஒரு டம்ளர் காப்பி ஆற்றும் நேரம்.

"எனக்குத்தான் பயிற்சி இருக்கே" என்றான்.

"இருக்கு. மாசத்துக்கு ரெண்டு தடவை, ஆஸ்பத்திரி வேலை முடிஞ்சு, களைச்சுப் போய் ஏறுவே. அந்த நேரத்துக்கு எது சரின்னு பாரு" என்றேன். ஆறு மாதத்துக்குள் ஆறு தடவையாவது கருவி பார்த்து இறங்கிப் பழகியிருக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. கற்ற வித்தை மறக்கும் என்பது சர்க்காருக்கும் தெரியும்.

மூன்றாவது ஒரு செஸ்னா 182. இறக்கை மேலே, மடங்காத சக்கரம், 230 குதிரைச் சக்தி. பழுப்புக் கோடு போட்ட பெயிண்ட் உரிந்து தொங்கியது. மருமான் முகத்தைச் சுளித்தான். கிழவர் முதல் தடவையாகச் சிரித்தார். உயரமானியை இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை சோதிக்காமல் மேகத்துக்குள் போகக் கூடாது. அந்தச் சோதனைக் கையெழுத்து இந்த நோட்டில் ஒரு தடவைகூடத் தவறவில்லை. அதாவது, விற்கிறவர் தம் உயிரையே நம்பி ஒப்படைத்துப் பறந்திருக்கிறார். தானே திசை பிடித்து ஓட்டும் கருவி வேலை செய்தது. செயற்கைக்கோளைத் துணைக்கொண்டு ஓடுபாதையைத் தேடி இறங்கும் வசதியும் இருந்தது. சின்ன ஊர் மைதானங்களில் அது பெரிய வரம்.

ஒரு குறை. விமானம் சாய்கிறதா, நிமிர்ந்திருக்கிறதா என்று காட்டும் கருவி ஒரே ஒரு காற்றுப் பம்பை நம்பிச் சுழன்றது. அந்தப் பம்பு சொல்லாமல் கொள்ளாமல் உடையும் ஜாதி. அதைவிட மோசம், உடைந்த பிறகும் கருவி கொஞ்ச நேரம் மெள்ள மெள்ளப் பொய் சொல்லிக்கொண்டிருக்கும். விலையில் குறைத்துக்கொண்டு, அந்தப் பணத்தில் பாட்டரியோடு தனியாக இயங்கும் இன்னொரு கருவியைப் பொருத்திக்கொண்டான். பெயிண்டுக்கு மிச்சமில்லை.

ஜனவரியில் ஒரு நாள் டெலிபோன் செய்தான். வானம் முழுக்க உறைபனி மேகம். இறக்கையில் பனி படிந்தால் அதை உதிர்க்க அந்த விமானத்தில் சாதனம் கிடையாது. காரில் போய்க்கொண்டிருக்கிறானாம். இன்னும் மூன்று மணி நேரம் பாக்கி. பின்னால் அவன் மனைவி யாரிடமோ ஸ்வெட்டரைத் தேடச் சொல்லிக்கொண்டிருந்தாள்.