சவர்க்கார வாசம்

லண்டனுக்கு வந்த எங்களில் சிலர் ஒரு சென்ற் தேடி அலைகிறோம். காய்ச்சலுக்கு நெற்றியில் தடவிய ஓடிக்கொலோன் அல்ல. உறை பிரித்த புதுச் சவர்க்காரக் கட்டியின் வாசம் வேண்டும். ஒக்ஸ்போர்ட் வீதிக் கடைகளில் காகிதத் துண்டுகளில் தெளித்துத் தருகிறார்கள். அல்டிஹைட், வெண்கஸ்தூரி என்கிறார்கள். சவர்க்காரத்துக்கும் இவற்றையே நெடுங்காலம் சேர்த்துவந்ததால், மணந்ததும் மூக்கு 'சுத்தம்' என்கிறதாம்.

எங்கள் மூக்குக்கு வேறு கணக்கும் உண்டு. 1990இல் யாழ்ப்பாணத்துக்குப் பொருளாதாரத் தடை வந்தபின் சவர்க்காரம் கிடைத்தற்கரிய பொருளானது. பனம்பழம் பிசைந்து உடுப்புத் தோய்த்தோம். கிடைத்த கட்டியை நூலால் அறுத்துப் பங்கிட்டோம். அம்மாமார் ஒரு துண்டைச் சேலைகளுக்கிடையில் ஒளித்து வைத்தார்கள். 1995 ஒக்ரோபர் 30இல் ஊரே வெளிக்கிட்டபோது, மூட்டைக்குள் வந்த அந்தச் சேலைகளில் வாசம் மிச்சமிருந்தது.

எந்தப் போத்தலிலும் அது அகப்படவில்லை. 1807இல் இதே லண்டனில் பிறந்த பியர்ஸ், இன்று இந்தியாவில் செய்யப்பட்டு ரூற்றிங் கடைக்கு வருகிறது. ஒரு கட்டியை உறையோடு உடுப்பு அலுமாரிக்குள் வைக்கிறோம். பிள்ளைகள் அதை எடுத்துக் குளித்துவிட்டால் கோபிப்பதில்லை, இன்னொன்று வாங்குகிறோம். வாங்கக் கிடைக்கிறதே.